சிவப்பு மியாட்டாவை யாரிடம் கொடுப்பது?

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடும்போது கிழிந்த தசைநார், முப்பத்தைந்து வருஷம் கழித்து மூட்டையே மாற்ற வைத்துவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை, அத்தனை மாதமும் கராஜில் போர்த்திக் கிடந்த என் மியாட்டா காரை வெளியே எடுத்தேன். மேரிலாந்தின் எலிகாட் சிட்டி மெயின் ஸ்ட்ரீட் வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

அந்தத் தெரு படாப்ஸ்கோ ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும். திரும்பி வரும்போது ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. ஏற்றத்தில் கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து வண்டியை நகர்த்தும் வித்தை இருக்கிறதே, அதை என் கால் இருபது வருஷமாகத் தன்பாட்டுக்குச் செய்துவந்தது. அன்றைக்கு மூட்டுக்குள் யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகியதுபோல் இருந்தது. வண்டி பின்னால் உருண்டது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். எப்படியோ கிளப்பி வீடு வந்து சேர்ந்தேன். கீழே குனிந்து, கதவைப் பிடித்து, உடம்பை மேலே இழுத்து வெளியே வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி பாதி. மீதி, இனிமேல் இந்த வண்டி எனக்கு இல்லை என்று தெரிந்துபோனது.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடு. அமெரிக்காவில் பழைய காரைக் கொடுப்பது அவ்வளவு சுலபம். ரேடியோவிலும் டிவியிலும் நாள் முழுக்க விளம்பரம் ஓடும். ஒரு போன் போட்டால் போதும், வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள், வரிச் சலுகைக்கு ரசீது வரும். "எதுக்கு இவ்வளவு யோசிக்கிற? நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் என் கணவர். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கொடுத்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1994 மாடல் மஸ்டா மியாட்டா. சிவப்பு. இரண்டே இருக்கை, திறந்து மூடும் துணிக்கூரை, ஐந்து கியர். சுமார் ஆயிரம் கிலோ எடை, 1.8 லிட்டர் எஞ்சின், 128 குதிரைத்திறன். இன்றைய குடும்பக் கார்களோடு ஒப்பிட்டால் பலமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் இந்த வண்டியின் சுகம் வேகத்தில் இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கிலாந்தில் எம்ஜி, லோட்டஸ் எலான் என்று சின்னச் சின்னத் திறந்த கார்கள் ஓடின. ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் ஆயில் ஒழுகும், மழையில் நின்றுபோகும். அதேமாதிரி ஒரு வண்டியை, ஆனால் தினமும் காலையில் கிளம்பக்கூடிய வண்டியாக, நீங்கள் செய்யக்கூடாதா என்று பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மஸ்டாவின் கெனிச்சி யமாமோட்டோவிடம் கேட்டார். அதிலிருந்து கிளம்பியதுதான் மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமா தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. உலகத்தில் வேறெந்த இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரும் இத்தனை விற்றதில்லை. செய்தவர்கள் இதற்கு வைத்துக்கொண்ட தாரக மந்திரம் "ஜின்பா இத்தாய்". குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே உடம்பு என்று பொருள். ஓட்டியவர்களுக்கு அது விளம்பர வாசகமாகத் தெரியாது. கியரைத் தட்டினால் இரண்டு அங்குலம்தான் நகரும், நினைத்த இடத்தில் போய் உட்காரும்.

2003-இல் 71,000 மைல் ஓடிய வண்டியாக, 4,800 டாலருக்கு வாங்கினேன். எனக்கு அப்போது முப்பத்து மூன்று. ஊரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, தம்பி கல்யாணத்தை முடித்து, அதற்குப் பிறகு எனக்கென்று வாங்கிய முதல் பொருள் அதுதான். இரண்டு பேர் உட்கார்கிற காரை வைத்துக்கொண்டு குடும்பம் எப்படி நடத்துவாய் என்று கேட்காத ஆளில்லை. குடும்பத்துக்கு வேறு கார் இருந்தது. இது எனக்கு.

அந்த வண்டியில் என்னோடு போனவர்களில் அப்பாவைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். அவருக்கும் இந்தத் தானத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது.

அப்பா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக். கோவில்பட்டி டெப்போவில் பல வருஷம் வேலை பார்த்தார். காக்கிச் சட்டையில் டீசல் வாசத்தோடு வீட்டுக்கு வருவார். மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, அதன்பிறகு சோப்பு போட்டு, அதன்பிறகுதான் எங்களைத் தொடுவார். அவர் ஓய்வுபெற்று, 2008 செப்டம்பரில் முதல்முறையாக அமெரிக்கா வந்தார். விமானநிலையத்திலிருந்து வீடு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த முதல் காலையில் கராஜில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், மியாட்டாவின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்.

"ஸ்டார்ட் பண்ணு பாப்பா."

பண்ணினேன். காதைச் சாய்த்து வைத்துக் கேட்டார். டிக் டிக் டிக் என்று லேசான சத்தம். குளிரில் கிளப்பினால் கொஞ்ச நேரம் வரும், பிறகு அடங்கிவிடும். நான் பழகிவிட்டிருந்தேன்.

"டேப்பட் சத்தம் கேக்கு பாத்தியா. அட்ஜஸ்ட் பண்ண முடியுமா இதுல?"

இதில் டேப்பட்டை ஆயில் அழுத்தமே சரிசெய்துகொள்ளும், கையால் சரிசெய்ய வழியில்லை என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஆயில் போற சந்துல அழுக்கு அடைச்சிருக்கும். ஆயில மாத்தி, நல்லா சூடேற ஓட்டு. ரெண்டு தடவை மாத்துனா சரியாப் போகும்." மியாட்டா வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அதுதான். அப்பா மியாட்டா என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

ஆயிலை நாங்கள் இரண்டு பேருமே சேர்ந்து மாற்றினோம். அந்த வார இறுதியில் அவரை ஏற்றிக்கொண்டு வர்ஜீனியாவில் ஸ்கைலைன் டிரைவுக்குப் போனேன். ஷெனண்டோவா மலைமுகட்டின் மேலேயே 105 மைல் போகும் ரோடு, 35 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த வண்டிக்கென்றே போட்ட ரோடு என்று நினைத்துக்கொள்வேன். வேட்டி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேரீஸ் ராக் மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் இருக்கிறது. அதற்குள் நுழைந்ததும் இரண்டாவது கியருக்கு இறக்கி லேசாக அழுத்தினேன். பாறையில் பட்டு எஞ்சின் சத்தம் எங்கள் தலைக்கு மேல் திரும்பி வந்தது. அப்பா கையைத் தூக்கி, "இன்னொருக்கா" என்றார். திருப்பிக்கொண்டு போய் இன்னொரு முறை வந்தோம்.

அவர் 2019-இல் தவறினார். அதை வைத்து வண்டியைக் கோயிலாக்க நான் விரும்பவில்லை. ஓடாத வண்டியைக் கராஜில் வைத்துக் கும்பிடுவதை அவர் ஒருநாளும் ஒப்பியிருக்க மாட்டார். பொருள் என்றால் ஓட வேண்டும், அல்லது யாருக்காவது உதவ வேண்டும்.

சரி, தானத்துக்கு வருகிறேன்.

முதலில் விளம்பரத்தில் கேட்ட ஓர் இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மிக மரியாதையாகப் பேசினார். டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், உங்கள் பெயரில் இருக்கிறதா, சாவி இருக்கிறதா, நான்கு டயரிலும் காற்று இருக்கிறதா. அவ்வளவுதான் கேள்வி. வண்டி ஓடுமா என்றுகூட முக்கியமாகக் கேட்கவில்லை. திங்கட்கிழமை டோ டிரக் வரும் என்றார். நான் கேட்டேன்: வண்டி எங்கே போகும்? ஏலத்துக்கு. ஏலத்தில் கிடைக்கும் பணத்தில் தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு போகும்? அதைச் சொல்ல அவரிடம் தகவல் இல்லை. அவர் வேலை செய்வது தொண்டு நிறுவனத்தில் அல்ல, அதற்காகக் கார்களை வாங்கி விற்றுக்கொடுக்கும் ஒப்பந்தக் கம்பெனியில். இழுத்துவரும் செலவு, ஏலக் கட்டணம், விளம்பரச் செலவு, கம்பெனியின் பங்கு எல்லாம் போக மீதிதான் தொண்டுக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதில் மோசடி எதுவும் இல்லை. ஓடாத, துருப்பிடித்த, யாரும் வாங்காத வண்டி என்றால் இது நல்ல ஏற்பாடுதான். வாசலில் கிடக்கும் இரும்பு போய், எங்கோ ஒரு நல்ல காரியத்துக்கு நூறு டாலராவது சேரும். ஆனால் ஓடுகிற வண்டிக்கு, அதுவும் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, இந்த வழி நஷ்டம். உடைப்பு வண்டிகளோடு வண்டியாக வரிசையில் நிற்கும். பத்து வினாடியில் ஏலம் முடியும். வாங்குகிறவர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிக்கொண்டு மீதியை நசுக்கிவிடலாம்.

இந்த விஷயம் புதிதும் அல்ல. 2003 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. தானமாகக் கொடுத்த 54 வண்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கொடுத்தவர் வரிப் படிவத்தில் எழுதிய மதிப்பு ஒருபக்கம், தொண்டு நிறுவனத்தின் கைக்கு வந்த பணம் ஒருபக்கம். மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், எழுதிய மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. விலைப்பட்டியல் புத்தகத்தில் 4,000 என்று இருந்தால் 4,000 என்று எழுதிக்கொள்வார்கள், வண்டி சந்தையில் 400-க்குக் கூடப் போகாது. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷமே சட்டத்தை மாற்றினார்கள். 2005 ஜனவரி 1 முதல், 500 டாலருக்கு மேல் மதிப்புக் காட்ட வேண்டுமென்றால், தொண்டு நிறுவனம் அந்த வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அதைத்தான் கழிக்கலாம். நிறுவனம் 1098-சி என்ற படிவத்தில் அந்தத் தொகையை எழுதி, விற்ற முப்பது நாளுக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும். 700-க்கு விற்றால் 700. உங்கள் மனசுக்கு அது 4,000 பெறும் என்றாலும் 700-தான். ஐநூறும் பெறாமல் போனால் சந்தை மதிப்பு அல்லது 500, எது குறைவோ அது.

முழுச் சந்தை மதிப்பையும் காட்ட வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நிறுவனம் வண்டியை விற்காமல் தன் வேலைக்கே நன்றாகப் பயன்படுத்தினால் காட்டலாம். பெரிய அளவில் ரிப்பேர் செய்து மதிப்பை உயர்த்தினால் காட்டலாம். கழுவித் துடைத்து ஆயில் மாற்றுவதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தாலும் காட்டலாம். இந்த விதிவிலக்குகளைப் படித்தபோது எனக்கு வரியைவிட வேறொன்று கண்ணில் பட்டது. மூன்றுமே, வண்டி வண்டியாகவே யாருக்கோ பயன்படுகிற வழிகள். சட்டம் எழுதியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

வரிச் சலுகை பற்றி நம்மவர்கள் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ரசீது கிடைத்தாலே பணம் திரும்பி வரும் என்று நினைக்கிறார்கள். செலவுகளைப் பட்டியல் போட்டுக் கழிக்கிறவர்களுக்கு மட்டும்தான் கார் நன்கொடை கணக்கில் சேரும். 2018 முதல் பட்டியல் போடாமலே கழித்துக்கொள்ளும் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. 2024-இல் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 29,200 டாலர். மாநில வரி, வீட்டு வரி எல்லாம் சேர்த்துக் காட்ட அந்த வருஷம் 10,000 டாலர்தான் வரம்பாக இருந்தது. வீட்டுக் கடன் வட்டியும் எங்களுக்குக் குறைந்துவிட்டது. கூட்டிப் பார்த்தால் 29,200-ஐத் தொடவே இல்லை. ஆக, மியாட்டாவுக்கு யார் எவ்வளவு எழுதிக் கொடுத்தாலும் எங்களுக்கு வரியில் ஒரு காசு மிச்சமாகாது. இதைத் தெரிந்துகொண்டதும் ஒருவிதத்தில் நிம்மதி. இனி கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டி யாருக்கு வேண்டும்?

ரிப்பேர் செய்து குடும்பங்களுக்குக் கொடுக்கிற வழியை முதலில் பார்த்தேன். எங்கள் பக்கத்திலேயே, ஹேல்தோர்ப்பில், வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்ற அமைப்பு 1999 முதல் இயங்குகிறது. தானமாக வரும் கார்களில் நல்லவற்றைச் சரிசெய்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சொற்ப விலையில் தருகிறார்கள். சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு அங்கேயே மெக்கானிக் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். வெர்மான்டில் குட் நியூஸ் கராஜ் 1996-லிருந்து இதேபோல் செய்துவருகிறது. பஸ் போகாத இடத்தில் வேலை, பஸ் போகாத இடத்தில் வீடு என்று சிக்கிக்கொண்ட ஒரு அம்மாவுக்குக் கார் கிடைத்தால் அவள் வாழ்க்கையே மாறும். என் கணவரின் பழைய கேம்ரி போன்ற வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த மாதிரி இடத்துக்குத்தான் கொடுப்பேன். உங்களிடமும் அப்படி ஒரு குடும்பக் கார் இருந்தால் தயவுசெய்து முதலில் இந்த வகை அமைப்புகளிடம் கேளுங்கள்.

ஆனால் மியாட்டா? இரண்டே இருக்கை. 1994 மாடலில் இரண்டு பக்கமும் ஏர்பேக் உண்டு, பயணி பக்கத்து ஏர்பேக்கை அணைத்துவைக்கும் சுவிட்ச் கிடையாது. கைக்குழந்தை இருக்கையை அங்கே வைத்தால் உயிருக்கே ஆபத்து. பின்சீட் என்று ஒன்று இல்லவே இல்லை. கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களும் இங்கே குறைவு. அப்படிப்பட்ட அமைப்புக்கு இதைக் கொடுத்தால் அவர்களும் ஏலத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு, பாத்திரமறிந்து பிச்சையிடு என்று. சின்ன வயசில் எனக்கு அது பிடிக்காது. கேட்டு வந்தவனின் யோக்கியதையைச் சோதிக்கிற புத்தியாகத் தெரியும். இந்த வண்டியை வைத்துக்கொண்டு அலைந்தபோது வேறுமாதிரி புரிந்தது. தகுதி பார்க்க வேண்டியது வாங்குகிறவரிடம் இல்லை. நான் கொடுப்பது அவர் பாத்திரத்தில் அடங்குமா, அவருக்கு வயிறு நிறையுமா என்று கொடுக்கிற நான்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வழி, நாமே விற்றுப் பணத்தைக் கொடுப்பது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வழி என்பேன், தயங்காமல் சொல்வேன். 3,500 டாலருக்கு ஒரு ஆர்வலரிடம் விற்று, முழுத் தொகைக்கும் செக் எழுதினால், நடுவில் யாருக்கும் பங்கு போகாது. நானும் விளம்பரம் கொடுத்தேன். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேருமே கீழே படுத்து, கதவுக்கு அடியில் ஓடும் சட்டத்தைக் கையால் தட்டிப் பார்த்தார்கள். மியாட்டாவின் வியாதி அங்கேதான். கூரையில் விழும் மழைத்தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள குழாய் வழியாக இறங்கி அடியில் வெளியேற வேண்டும். இலையும் பைன் ஊசியும் விழுந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும். என் வண்டியில் வலதுபக்கம் கொஞ்சம் தின்றிருந்தது. ஒருவர் கிளம்பிவிட்டார். இன்னொருவர் தன்னிடம் இருக்கும் இன்னொரு மியாட்டாவுக்கு இதன் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு விலை சொன்னார். நியாயமான விலைதான். மனசுதான் ஒப்பவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் டெப்போவின் கண்டம் எஞ்சின் ஞாபகம் வந்தது.

கோவில்பட்டி டெப்போவில் பணிமனையின் ஒரு மூலையில், கண்டம் ஆன, அதாவது இனி ஓடாது என்று கழித்துவிட்ட, பஸ்ஸிலிருந்து இறக்கிய ஒரு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஐடிஐ முடித்து அப்பரண்டிஸாக வரும் பையன்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். ஓடுகிற பஸ்ஸில் முதல் நாளே கை வைக்க விடமாட்டார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அது ரூட்டில் போக வேண்டும். கண்டம் எஞ்சினைக் கழற்றலாம், தப்பாக மாட்டலாம், போல்ட்டை முறிக்கலாம், மறுபடி கழற்றலாம். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நான் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் கிளட்ச் பிளேட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டு முழிப்பான். அப்பா திட்ட மாட்டார். "கழத்து. ஏன் போகலன்னு பிளேட்டே சொல்லும்" என்பார். அந்த எஞ்சின் ஒருநாளும் ஸ்டார்ட் ஆனதில்லை. ஆனால் அதில் கை பழகியவர்கள் ரிப்பேர் பார்த்த பஸ்களில்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

காலையில் எழுந்ததும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் ஆட்டோமோட்டிவ் பிரிவுக்குப் போன் செய்தேன்.

எடுத்தவுடன் சரி என்று சொல்லிவிடவில்லை அந்த ஆசிரியர். தானம் என்று வரும் வண்டிகளில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். இடம் இல்லை, எல்லாம் ஒரே மாதிரி ஆட்டோமேட்டிக் கார்கள். வெள்ளத்தில் நின்றதா? ஏர்பேக் வெடித்ததா? எஞ்சின் ஓடுகிறதா? டைட்டில் சுத்தமாக இருக்கிறதா? டோ டிரக்காரர்கள் கேட்காததையெல்லாம் கேட்டார். மியாட்டா, கியர் வண்டி என்றதும் அவர் குரல் மாறியது. "எங்கள் மாணவர்கள் கிளட்ச்சை வீடியோவில்தான் பார்த்திருக்கிறார்கள்" என்றார். எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, கியர்பாக்ஸ் நடுவில், பின்சக்கரம் தள்ளுகிறது, நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். எது எதைத் திருப்புகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்க்கலாம். முன்சக்கர இழுவைக் கார்களில் எல்லாம் ஒரே மூட்டையாக அமுங்கிக் கிடக்கும்.

பிறகு ஒரு உண்மையைச் சொன்னார், அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். இந்த வண்டி மறுபடி ரோட்டில் ஓடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு செமஸ்டரும் இதன் கியர்பாக்ஸை இறக்குவார்கள், ஏற்றுவார்கள். போல்ட் மரை போகும். பெயின்ட் உரியும். சில வருஷம் கழித்து, இதற்குமேல் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் விற்றுவிடுவோம். உங்களுக்குச் சம்மதமா?

சம்மதம் என்றேன்.

காகித வேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், டைட்டிலில் வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ போய், நாலு மாதம் கழித்து வேறு மாநிலத்து டோல் பாக்கியும் பார்க்கிங் அபராதமும் இவர் வீட்டுக்கு வந்தன. பெறுபவர் பெயரை உங்கள் கண்முன்னால் எழுத வையுங்கள். மைல் கணக்கை எழுதுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல் கருவியைக் கழற்றுங்கள். மேரிலாந்தில் நம்பர் பிளேட்டைக் கழற்றி வாகனத் துறையிடம் ஒப்படைத்த பிறகுதான் இன்ஷூரன்ஸை ரத்து செய்ய வேண்டும். முறை மாறினால் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி என்று அபராதம் போடுவார்கள். மற்ற மாநிலங்களில் விதி வேறாக இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற அமைப்பு உண்மையில் வரிவிலக்குப் பெற்றதுதானா என்று வருமான வரித் துறையின் தேடல் பக்கத்தில் இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். காலேஜின் அறக்கட்டளை எனக்கும் 1098-சி கொடுத்தது, கற்பித்தலுக்குப் பயன்படுத்தி முடிக்கும்வரை விற்க மாட்டோம் என்ற உறுதியோடு. வரியில் எனக்கு உதவாது என்றாலும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். பதினான்கு மைல். கணவர் பின்னால் கேம்ரியில் வந்தார். முந்தின நாள் வண்டியைக் கழுவி, ஆயில் மாற்றி, கதவுக்குள் இருந்த காகிதங்களை எடுத்து, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் வடிகால் இரண்டையும் நைலான் நரம்பு விட்டுச் சுத்தம் செய்தேன். 2003-லிருந்து வைத்திருந்த ரிப்பேர் நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். 2008 செப்டம்பர் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் "ஆயில் மாற்றியது. சத்தம் குறைவு." என்று தமிழில் இருக்கிறது. ஆசிரியர் அதில் விரலை வைத்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஒரு மெக்கானிக் எழுதியது என்றும் சொன்னேன். நோட்டை வண்டியோடவே வைப்போம் என்றார்.

காலேஜ் வாசலிலேயே உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் நம்பர் பிளேட்டைக் கழற்றினேன். முழங்கால் வலித்தது. கணவர் வாங்கிக்கொள்ள வந்தார், வேண்டாம் என்றேன்.

அடுத்து வந்த ஏப்ரலில் ஆசிரியர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், வகுப்பு நடக்கும்போது வந்து பாருங்கள் என்று. போனேன். மியாட்டா லிஃப்ட்டின் மேலே நின்றது. கியர்பாக்ஸ் கீழே மேசையில் கிடந்தது. கிளட்ச் பிளேட்டைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். இருபது வருஷம் என் இடது காலுக்கு அடியில் வேலை செய்த தகடு அது. முதல் தடவையாக அதைக் கண்ணால் பார்த்தேன். ஓரம் தேய்ந்து, ரிவெட் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு மாணவி அதை என் கையில் கொடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

குளிர்காலத்தில் இடம் போதாமல் வண்டியை வெளியே பைன் மரத்தடியில் நிறுத்தியிருந்தார்களாம். வடிகால் பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வண்டியைக் கீழே இறக்கி, கூரையைத் திறக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் பின்கண்ணாடியின் ஜிப்பை முதலில் கழற்றாவிட்டால் மடிப்பு விழும், அதையும் காட்டினேன். பெல்ட் வருகிற இடத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துவாரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த மாணவி நைலான் நரம்பை உள்ளே விட்டு மெதுவாக ஏற்றி இறக்கினாள். இன்னும் கொஞ்சம் உள்ளே என்றேன். ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. பின்சக்கரத்துக்கு முன்னால், தரையில், கறுப்புத் தண்ணீர் பைன் ஊசிகளோடு கொட்டியது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, எழுந்து, நரம்பை எடுத்துக்கொண்டு மறுபக்கத்து வடிகாலுக்குப் போனாள்.